ஆரோக்கியம் சொன்னதும் நான் சொன்னதும்

பங்குச் சாமியாரின் அறையில் பச்சைத் துணி விரித்த மேஜை ஒன்று இருந்தது. துணியெங்கும் மெழுகுச் சொட்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் சாமியார் மண விசாரணைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நானும் என் தங்கை ஆரோக்கியமும் நின்றுகொண்டிருந்தோம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையிலிருந்தே தூறல். ஆரோக்கியத்தின் சேலைத் தலைப்பு நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணி வாடையோடு சாமியாரின் சுருட்டு வாடையும் கலந்திருந்தது. இன்றைக்கும் மழை நாளில் யாராவது சுருட்டுப் பிடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

"பேர், வயது, ஞானஸ்நானம் எல்லாம் எழுதியாயிற்று" என்றார் சாமியார். பிரான்சு தேசத்துக்காரர். ஆனால் முப்பது வருஷமாக நம் ஜனங்களோடு இருந்து எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். "இனி ஒரே ஒரு கேள்வி. இதைப் பெண்ணிடமே கேட்கவேண்டும், சவரிமுத்து. யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு இந்த விவாகத்துக்குச் சம்மதிக்கிறாளா? கேட்டுச் சொல்."

ஆரோக்கியத்துக்குக் காது கேட்காது. பேச்சும் கிடையாது. கேள்வி என் கை வழியாக அவளுக்குப் போகவேண்டும். பதில் என் வாய் வழியாகச் சாமியாருக்கு வரவேண்டும்.

நான் கேட்டேன். கேட்டதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளும் பதில் சொன்னாள்.

அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் இந்த வாரம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். "மில்லு, ஸ்ட்ரைக்கு, ரேஷன் கடைன்னு எழுதிக்கிட்டிருந்தீங்க, நல்லாத்தானே போச்சு? இதை எதுக்குப் பத்திரிகையில போடறீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நல்லாத்தான் போயிற்று. அதைப் படித்தவர்கள் தெருவில் பார்த்துக் கைகூடக் கொடுத்தார்கள். அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

காய்ச்சலுக்குப் பிறகு

ஆரோக்கியம் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தாள். மத்தியானம் கோவில் மணி அடித்தால், மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தை அப்படியே எழுந்து சிலுவை போட்டுக்கொள்ளும். எங்கள் லைன் வீடுகளில் அதைப் பார்க்கவே நாலு பேர் வாசலுக்கு வருவார்கள்.

மூன்று வயதில் ஒரு காய்ச்சல். பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அன்று மத்தியானம் மணி அடித்தது. குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அம்மா அதன் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"ஆரோக்கியம்னு பேரு வச்சியே மரியம்மா, மாத்திடு. மாதாவுக்கே சிரிப்பு வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் குழாயடியில் சொன்னாள். அம்மா குடத்தை வைத்துவிட்டு அவள் கொண்டையைப் பிடித்தாள். விலக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஒரு வெள்ளைக்கார அதிகாரி பங்களாவில் ஆயாவாக இருந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லில் நெசவுப் பகுதியில் சேர்ந்தேன்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பாஷை இருந்தது. யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை, வீட்டிலேயே விளைந்தது. நாக்கு நுனியைத் தொட்டால் உப்பு. காதைத் திருகினால் மில் மேஸ்திரி. 'வேண்டாம்' என்பதற்கு மற்றவர்களைப்போலக் கையை ஆட்டமாட்டாள். கட்டைவிரலால் மோவாயைத் தட்டிவிடுவாள், ஈயை ஓட்டுவதுபோல. வெளியாட்கள் பார்த்தால் ஏதோ அரிப்பு என்று நினைப்பார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மிஷினைக் கையால் கேட்டவள்

சுதந்திரம் வந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறியபோது ஊரே கொண்டாடியது. நாங்களும் கொடி குத்திக்கொண்டோம். ஆனால் நாங்கள் இருந்த மர்பி டவுனில் பாதி வீடுகள் பங்களா வேலையை நம்பி இருந்தவை. சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், குதிரைக்காரர், கக்கூஸ் சுத்தம் செய்கிறவர். துரைமார் போனதும் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. அம்மாவுக்கும்தான்.

வேலை போன அந்த வீடுகளின் பெண்பிள்ளைகளுக்காகத்தான் சிஸ்டர்கள் மடத்துக்குப் பின்னால் தையல் ஹால் ஆரம்பித்தார்கள். நீளமான ஓட்டுக் கட்டிடம். ஏழெட்டு மிஷின். காலையில் ஞானோபதேசம், பிறகு மாலைவரை தையல். சாதி கேட்கமாட்டார்கள், மதம் கேட்கமாட்டார்கள். நகம் மட்டும் பார்ப்பார்கள், அழுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஹாலைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் கிளாரா. மங்களூர்க்காரர். குள்ளம். கன்னடமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசுவார். ஒருநாள் பூசை முடிந்து வரும்போது ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு ஏன் ஹாலுக்கு வரல?"

"அதுக்குக் காது கேக்காதுங்க சிஸ்டர்."

"மிஷின் என்ன கதையா சொல்லப்போகுது? நாளையிருந்து அனுப்பும்மா."

இப்படி இன்னும் சில பிள்ளைகளைத் தெருத்தெருவாகத் தேடிச் சேர்த்தார். எல்லாம் காது கேட்காத குட்டிகள், ஏழு வயது, எட்டு வயது. ஜன்னலோரமாக அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு. ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'ப' என்பார். காகிதம் ஆடும். பிள்ளையையும் அப்படியே ஆட்டச் சொல்வார். தன் தொண்டையில் அவர்கள் கையை வைத்துக்கொள்வார். கண்ணாடியில் உதட்டைப் பார்க்கச் சொல்லித்தருவார். பேச்சு என்று பெரிதாக யாருக்கும் வரவில்லை. ஆனால் ஆரோக்கியம் இரண்டு வருஷத்தில் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். தன் பேரைத் தமிழில் எழுதுவாள்.

தையலிலோ, அவளுக்கு முன்னால் காது கேட்கிறவர்கள் நிற்கமுடியாது. இடது உள்ளங்கையை மிஷின் பலகைமேல் பரப்பி வைத்துக்கொள்வாள். ஓடும்போது எங்கேயாவது நூல் இழுத்தால் கை சொல்லிவிடும், ஊசி முறிவதற்குள் காலை நிறுத்திவிடுவாள். பக்கத்து மிஷினில் கோளாறு என்றால்கூடத் தரையில் கால் வைத்தே கண்டுபிடித்து, எழுந்துபோய் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குட்டு வைப்பாள். "உங்க தங்கச்சிகிட்ட நான் குட்டு வாங்காத நாளே இல்லை" என்று லைனில் ஒரு பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே முறையிட்டாள்.

பெரிய பெண்ணானதும் அந்த ஜன்னல் பெஞ்சை அவளே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். குட்டிகள் அவளைச் சுற்றியே மொய்த்துக் கிடக்கும்.

சிஸ்டர் கேட்டதும் மாமனார் கேட்டதும்

"சவரி, டிசம்பரில் அரசாங்கத் தையல் பரீட்சை இருக்கு" என்றார் சிஸ்டர் கிளாரா. மடத்துக் கேட்டருகே என்னை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பேசினார். "ஆரோக்கியம் பேரை எழுதிக் கொடுத்துட்டேன். பாஸ் பண்ணினா அவளையே இங்க டீச்சராப் போட மதர் ஒத்துக்கிட்டாங்க. தங்கறதுக்கு இடமும் இங்கேயே."

"சரிங்க சிஸ்டர்."

"ஸ்வல்ப கவனமாக் கேளு. எனக்கு எப்ப மாத்தல் வரும்னு எனக்கே தெரியாது. போன்னு சொன்னா அன்னிக்கே பெட்டியைத் தூக்கணும். அப்புறம் இந்தக் குட்டிங்ககிட்ட யாரு பேசுவா? வேற சிஸ்டர் யாருக்கும் இது வராது. ஆரோக்கியம் இருந்தா பெஞ்சு இருக்கும். இல்லேன்னா இல்லை."

"சரிங்க சிஸ்டர்" என்றேன் மறுபடியும். மனசாரத்தான் சொன்னேன். அன்றைக்கு.

இரண்டு மாதம் போயிருக்கும். எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அல்சூரில் நல்ல குடும்பம். எனக்கும் ரொம்பப் பிடித்திருந்தது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பெண்ணின் தகப்பனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. வாய் பேசாத வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கு. நாளைக்கு உங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாரம் எம்பொண்ணு தலையில விழும். அதை ஒரு இடத்துல கொடுத்துடுங்க. மறுமாசமே உங்க ஓலையைச் சொல்லிடலாம்."

ஆரோக்கியம் மடத்திலேயே இருக்கப் போகிறாள், டீச்சராகப் போகிறாள் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். "ஊமை டீச்சரா? ஆகிறபோது பார்க்கலாம், தம்பி."

அந்தச் சிரிப்பு என்னையும் தொத்திக்கொண்டது. ஆகிறபோது பார்க்கலாம் என்று நானும் நினைத்தேன். அதே வாரம் தங்கவயலிலிருந்து ஒரு வரன் வந்தது, தானே வந்ததுபோல. சின்னப்பன். சுரங்கத்தில் வேலை. முதல் தாரம் இறந்து ஒரு வருஷம். இரண்டு குழந்தைகள். குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறமாட்டார். 'வாய் பேசாவிட்டால் என்ன, வீட்டில் விளக்கேற்ற ஒருத்தி வேண்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலத்துக்கு முன்னால் முடிக்கவேண்டும். ஆகமனம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது. தள்ளிப்போனால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

அதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால் மூன்றே ஞாயிறுதான் இருந்தது.

"அவளைக் கேட்டியாடா?" என்றாள் அம்மா.

"சாமியார் கேப்பாரும்மா. அதுக்குத்தானே விசாரணைன்னு வச்சிருக்காங்க."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சிஸ்டர்களுக்கு வருஷாந்தர தியானம். எட்டு நாள் மௌனம். வெளியாள் யாரையும் பார்க்கமாட்டார்கள். தையல் ஹால் வாசலில் அதற்காக விடுமுறை என்று எழுதிப் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நான் போய் சாமியாரிடம் நாள் கேட்டேன்.

பச்சை மேஜை

"சிஸ்டர் கிளாராவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா? அவர்களுக்கு இவள் பேச்சு நன்றாகத் தெரியுமே" என்று சாமியார் முதலில் சொல்லத்தான் சொன்னார்.

"தியானத்துல இருக்காங்க சாமி. யாரோடும் பேசமாட்டாங்க."

"ஆமாம், மறந்துவிட்டேன். அப்படியானால் நீயே கேள்."

ஆரோக்கியம் சாமியார் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிடைத்திருக்காது. அவருக்கு மார்புவரை தாடி, மீசை உதட்டை மூடியிருக்கும்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். கழுத்தில் தாலியைக் காட்டினேன். சுரங்கத்துக்குக் குனிந்து இறங்குவதைக் காட்டினேன். நீ, மனசு, சரியா என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. கட்டைவிரலால் மோவாயைத் தட்டிவிட்டாள். மறுபடியும் தட்டிவிட்டாள். பிறகு வலது கையால் மிஷின் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாள். இடுப்புயரத்தில் கையை வைத்து, குட்டிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிக்கொண்டே போனாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

இதைவிடத் தெளிவாக யாரும் பேசமுடியாது. வேண்டாம். தையல் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் சாமியார்.

"சம்மதம்ங்கறா, சாமி."

அவர் பேனாவை எடுத்தார். உடனே எழுதவில்லை. "தையல்போல ஏதோ காட்டினாளே? குழந்தைகளைக் காட்டினாளே?"

எனக்கு ஒரு நொடி இருந்தது. எல்லா வானதூதர்களும் அந்த நொடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"மாப்பிள்ளைக்கு மூத்த தாரத்துக் குழந்தைங்க ரெண்டு இருக்குதுங்களே, சாமி. அதுங்களுக்கு நானே சட்டை தைச்சுப் போடுவேன்ங்கறா."

சாமியாரின் கண் கலங்கிவிட்டது. "நல்ல பெண். நல்ல மனது" என்றார். எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். ஆரோக்கியம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த எழுத்தில், ஒவ்வொன்றாக, தன் பேரை எழுதினாள்.

மூன்று ஓலை

முதல் ஓலை வாசித்தபோது சிஸ்டர்கள் இன்னும் தியானத்தில் இருந்தார்கள். இரண்டாவது ஓலையைச் சிஸ்டர் கிளாரா தன் காதால் கேட்டார். பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"இது யாரு முடிவு, சவரி?"

"சாமியார் முன்னால அவளே சொன்னதுதான், சிஸ்டர்."

சிஸ்டர் ஆரோக்கியத்துக்கு எதிரில் போய் நின்றார். அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, உதட்டை நன்றாக அசைத்து, கையாலும் காட்டி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

நான் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

சிஸ்டர் அவள் மோவாயிலிருந்து கையை எடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "பரீட்சைச் சீட்டு வந்துடுச்சு. யாருக்குத் திருப்பி அனுப்பறதுன்னு தெரியல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகமன காலத்துக்கு நாலு நாள் முன்னால் கல்யாணம் முடிந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசுக்காலம் வருவதற்குள் என் கல்யாணமும் முடிந்தது.

அடுத்த ஜூனில் சிஸ்டர் கிளாராவுக்கு மாற்றல் வந்தது. எங்கேயோ வடக்கே. அவர் போன சில மாதத்தில் ஜன்னலோரப் பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே இன்னும் இரண்டு மிஷின் போட்டார்கள். மில்லுக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தங்கவயலில்

நாலைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு தபசுக்காலத்தில் வெளியூர்ச் சாமியார் ஒருவர் தியானப் பிரசங்கம் செய்ய வந்தார். முகம் தெரியாதவர் என்ற தைரியத்தில் பாவசங்கீர்த்தனத்தில் என் குற்றத்தைச் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டார். "என்னிடம் சொன்னது சரி. அவளிடம் சொன்னாயா?" என்றார்.

அடுத்த ஞாயிறு பங்காரப்பேட்டையில் ரயில் மாறித் தங்கவயல் போனேன். அதற்கு முன்பும் போயிருக்கிறேன், ஞானஸ்நானம், அது இது என்று. ஆனால் ஆரோக்கியம் என்னிடம் பேசுவதை விட்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் உண்டு. தானாக ஒன்றும் சொல்லமாட்டாள்.

சின்னப்பன் ஷிப்டுக்குப் போயிருந்தார். அவர்மேல் இன்றுவரை ஒரு குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். லைனில் இருக்கிற பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கை பலகைமேல் பரந்திருந்தது. நான் எதிரில் போய் உட்கார்ந்ததும் காலை நிறுத்தினாள்.

சொன்னேன். தாடியைக் காட்டினேன், புத்தகத்தைக் காட்டினேன். நீ வேண்டாம் என்றாய், நான் சம்மதம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் என் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தன் கண்ணை. அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றாள்.

அப்புறம் ஏன் தலையாட்டினாய், ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். அவள் தாடியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், முகத்தில் கரி பூசுவதுபோலக் கன்னத்தில் விரலைத் தேய்த்துக் காட்டினாள். சாமியார் முன்னால் நான் பொய்யனாக நிற்கவேண்டியிருக்கும் என்பதற்காக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் அவளால் பேசமுடியாது. அவள் என் முழங்காலைத் தட்டி நிமிரச் சொன்னாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளாக ஒன்று கேட்டாள். குட்டிகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

யாரும் இல்லை என்றேன். சிஸ்டர் போய்விட்டார். பெஞ்சை எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? சிஸ்டர் இருக்கிறார், எப்படியாவது நடந்துகொண்டிருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். அந்தக் குட்டிகளுக்குள் ஆளுக்கொரு பேர் உண்டு, கையால் சொல்கிற பேர். நெற்றியில் கோடு இழுத்தாள். தழும்புக்காரி எங்கே? தெரியாது என்றேன். காதருகே விரலைச் சுருட்டினாள். சுருட்டை முடிக்காரி? தெரியாது. காலரைப் பல்லில் கடித்துக் காட்டினாள். தோளைச் சாய்த்து நொண்டிக் காட்டினாள். மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்பது பேரைக் கேட்டாள். ஒன்பது பேரும் மர்பி டவுனிலும் அல்சூரிலும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோதான் இருந்தார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் நான் மில்லுக்குப் போயிருப்பேன். ஒருத்தியைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.